பள்ளத்தைச் சுற்றி நாற்பது ஊத்தா

ஒச்சம்மாள் வாயைத் திறந்தால் எங்கள் தெரு நாய்கள் எழுந்து நின்றுவிடும். திண்டுக்கல்லில், பேகம்பூருக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் வீடு. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை ஏழு மணிக்கு அந்தச் சந்து முனையில் கீரைக் கூடையை இறக்கி வைத்து, "பொன்னாங்கண்ணீ... வல்லாரே..." என்று அவர் ஒரு குரல் கொடுப்பார். மாடியில் குளித்துக்கொண்டிருப்பவர்கூட "இருங்க, வாரேன்" என்று பதில் சொல்லியாக வேண்டும். நான் பன்னிரண்டு வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் கணக்கு டீச்சர். அறுபது பிள்ளைகளைக் கத்தியே அடக்குகிறவள். புஷ்பமேரி டீச்சர் குரல் என்றால் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் பயம் உண்டு. ஒச்சம்மாள் குரலைக் கேட்ட பிறகு, என்னுடையதெல்லாம் ஒரு குரலா என்று ஆகிவிட்டது.

"இம்புட்டுச் சத்தத்தை எங்கக்கா பிடிச்சீங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நீர்க்காக்காவ வெரட்டித்தான் டீச்சரம்மா. அதுக என்ன, மெதுவாச் சொன்னாக் கேக்குற சாதியா?" என்றார்.

ஒச்சம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. நத்தம் போகிற சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் செங்கரைப்பட்டி. அந்த ஊர்க் கண்மாய்க்கு அவர்தான் காவல். அப்பா பார்த்த வேலை, அவருக்குப் பிறகு இவருக்கு வந்தது. காவல் என்றால் கம்பை வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பது இல்லை. மழைக்காலத்தில் கரை எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். மடை திறந்த அன்று கடைசி வயல்வரை தண்ணீர் போனதா என்று நடந்தே போய்ப் பார்க்க வேண்டும். முதல் வயல்காரர் வாய்க்காலை வெட்டி இரண்டு தரம் பாய்ச்சிக்கொண்டால், அவர் வீட்டு வாசலில் போய் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி மானத்தை வாங்க வேண்டும். இதில் ஒச்சம்மாளை அடிக்க ஆளில்லை. கூலி என்று பார்த்தால், அறுப்பு முடிந்ததும் வயலுக்கு ஒரு மரக்கால் நெல். அப்புறம் கரையில் முளைக்கிற கீரை. எங்கள் வீட்டு மதியச் சோற்றுக்கு வெஞ்சனம் அந்தக் கரையிலிருந்துதான் வருகிறது.

கோடையில் அவருக்கு மீன்தான் வேலை. வருடம் முழுக்க அந்தக் கண்மாய் மீனை யாரும் தொடுவதில்லை. வைகாசியில், வயலுக்குப் பாய்ச்சியது போகத் தண்ணீர் முழங்காலுக்கும் தொடைக்குமாக வற்றியதும், ஊர் கூடி ஒருநாள் குறிப்பார்கள். அன்றைக்கு மீன்பிடித் திருவிழா. யார் வேண்டுமானாலும் வரலாம். எந்த ஊர், எந்தச் சாமி என்று கேட்க மாட்டார்கள். நாட்டாமை மடைக்கல்லின் மேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். வீசுகிறவரை ஒரு கால் தண்ணீரில் படக் கூடாது. வீசிவிட்டால் கரையில் நிற்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்கிவிடுவார்கள். பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், உறவுக்காரருக்குக் கொடுக்கலாம், விற்க மட்டும் கூடாது. விற்றால் அடுத்த மழை வராது என்பது ஊர் நம்பிக்கை. மழையைப் பற்றி எனக்குத் தெரியாது. விற்காமல் இருந்தால் அன்றைக்கு இருபது ஊர் அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கும் என்று மட்டும் தெரியும். நானே அந்த வாசனையில் வேன் ஏறி வந்திருக்கிறேன்.

எங்கள் சந்திலிருந்து வருடா வருடம் ஒரு வேன் கிளம்பும். ஏற்பாடு எல்லாம் எதிர்வீட்டுக் காதர் பீவி. இடியாப்பம் அவித்து விற்கிறவர், அறுபதைத் தாண்டியவர். மற்ற நாளெல்லாம் முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. திருவிழா அன்று மட்டும் அந்த வலி எங்கே போகும் என்று அல்லாவுக்குத்தான் வெளிச்சம். மருமகள் நஸீரா, மருமகளுடைய அக்காமார், பக்கத்துத் தெரு ரோஸ்மேரி, நான், இன்னும் பத்துப் பேர். ஆளுக்கு ஒரு ஊத்தா. மூங்கில் குச்சிகளை வட்டமாகக் கட்டிய கூடை அது. மேலும் திறந்திருக்கும், கீழும் திறந்திருக்கும். தண்ணீரில் ஓங்கி ஊன்றி, மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவினால், உள்ளே அடைபட்ட மீன் கையில் வழுக்கும். மாட்டினால் ஒரு கத்தல். மாட்டாவிட்டாலும் ஒரு கத்தல். மூன்று மணி நேரம் கத்தலாம், ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கணக்கு டீச்சருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

போன வருடம்தான் கத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. அதற்கு முந்தின திருவிழாவில் யாரோ புண்ணியவான்கள் கொசுவலையைக் கொண்டுவந்து குஞ்சுவரை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பலன், போன வருடம் இரண்டாயிரம் பேர் இறங்கி விரல் நீளக் கெண்டையோடு வீட்டுக்குப் போனோம். அடுத்த வாரமே ஊர்க் கூட்டம். வெளியூர்க் குத்தகைக்காரர் ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கண்மாய் மொத்தத்தையும் என்னிடம் விடுங்கள், சுற்றிக் கம்பிவேலி போடுகிறேன், குஞ்சு வாங்கி விட்டு வளர்த்து லாரியில் ஏற்றிக்கொள்கிறேன், உங்களுக்குக் கோயில் மண்டபம் கட்டித் தருகிறேன் என்றார். வேலி விழுந்தால் மாடு தண்ணீர் குடிக்க முடியாது, கீரை பறிக்க முடியாது, திருவிழா கிடையாது. மண்டபம் மட்டும் உண்டு. பாதி ஊர் தலையை ஆட்டிவிட்டது.

ஒச்சம்மாள் எழுந்தார். இதையெல்லாம் அவர்தான் பிறகு எங்கள் சந்தில் நின்று நடித்துக் காட்டினார்.

"கண்மாய் நடுவுல வண்டல் அள்ளுன பள்ளம் இருக்குல்ல? கோடையில பெரிய மீனு அம்புட்டும் அங்கனதான் ஒதுங்கும். இனிமே திருவிழாவுக்கு அந்தப் பள்ளத்தை மட்டும் தொடாம விட்டுருவோம். தாய்மீனு கிடந்தாப் போதும், மழை பெஞ்சா குஞ்சு தானா நெறைஞ்சிரும். குஞ்சு வாங்கி விட எதுக்கு ஒரு ஆளு? எனக்கு ஒரு வருசம் குடுங்க."

நாட்டாமை கருப்புசாமி எழுபது வயதுக்காரர், வார்த்தை மாறாதவர். "சரித்தா. அடுத்த திருவிழா முடிஞ்ச கையோட நானே பள்ளத்துல வலை வீசுறேன். ஒரே வீச்சு. தாய்மீனு விழுந்துச்சுன்னா கண்மாய் ஊருக்கு. வெறும் வலை வந்துச்சுன்னா குத்தகைக்கு. பெறகு யாரும் வாயைத் தெறக்கக் கூடாது" என்று முடித்துவிட்டார்.

அந்த ஒரு வருடம் ஒச்சம்மாள் கீரை விற்றாரா, மீன் செய்தி வாசித்தாரா என்று எங்களுக்கே சந்தேகம். "டீச்சரம்மா, விராலு சோடி சேந்திருச்சு!" என்று செவ்வாய்க்கிழமை வருவார். மறுவாரம், "செவப்பாக் குஞ்சு பொரிச்சிருக்கு, ஆத்தாளும் அப்பனும் ரெண்டு பக்கமும் காவலு" என்பார். சொந்தத் தங்கைக்குப் பிரசவம் ஆனால்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார். நீர்க்காகக் கூட்டம் வந்து இறங்கினால், புருஷனுடைய பழைய பச்சை லுங்கியை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு கரையில் ஓடுவார். காலையில் ஓட்டம், சாயங்காலம் ஓட்டம். "கனவுல கூட கை சுத்துதுங்கிறார் டீச்சரம்மா எங்க வீட்டுக்காரரு. நேத்து அவரு மூக்குல ஒண்ணு போட்டுட்டேன்" என்றார்.

இந்த வைகாசியில் நாள் குறித்தார்கள். விடியும் முன்னே எங்கள் வேன் கிளம்பி, வெளுக்கிற நேரத்துக்குச் செங்கரைப்பட்டி போய்ச் சேர்ந்தது. கரை நிரம்பி வழிந்தது. சேவுகம்பட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் டிராக்டரில் வந்திருந்தார்கள். ஊத்தா, கச்சா வலை, கொஞ்சம் பேர் கையில் வெறும் வேட்டி. தலையில் அண்டா கவிழ்த்துக்கொண்டு ஒரு மாமியார், அவர் பின்னால் மூடியை எடுத்துக்கொண்டு மருமகன். எல்லாருக்கும் சிரிப்பு, எதற்கென்று தெரியாத சிரிப்பு. குத்தகைக்காரரும் வந்து கரையோரப் புளிய மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார், அதே கண்ணாடி.

நடக்க வேண்டிய முறை இது: முதலில் நாலு பேர் இறங்கி, உள்ளே யாரும் இறங்காமலிருக்க, துணிக் கிழிசல் கட்டிய கயிற்றைப் பள்ளத்தைச் சுற்றிக் கட்டுவார்கள். பிறகு கரையில் இருக்கும் கன்னிமாருக்குச் சூடம். அதன் பிறகுதான் நாட்டாமை மடைக்கல்லில் ஏறித் துண்டை வீசுவார். அதற்கும் முன்னால் இந்த வருடம் புதிதாக ஒன்று செய்தார்கள். ஒரு வருடம் பாடுபட்டதற்காக, ஊர் சார்பில் ஒச்சம்மாளுக்கு ஒரு புதுத் துண்டு போர்த்தினார்கள். நல்ல வெள்ளைத் துண்டு. கருப்புசாமியே போர்த்தினார். ஒச்சம்மாளுக்கு முகம் கொள்ளவில்லை. பேச்சே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துண்டோடு அவர் மடைக்கல்லின் மேல் ஏறி நின்று, கீழே நின்ற நாலு பேருக்கும் கயிற்றை இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கருப்புசாமி சூடத்தைக் கொளுத்தத் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, மேற்கே இருந்து ஒரு நீர்க்காகக் கூட்டம், எப்படியும் முப்பது இருக்கும், நேரே பள்ளத்தைப் பார்த்து இறங்கியது.

ஒச்சம்மாள் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் கை அப்படிப் போயிருக்காது. தோளில் கிடந்த துண்டை உருவித் தலைக்கு மேல் சுழற்றி, "ஓஓஓ...!" என்று ஒரு குரல் விட்டார் பாருங்கள்.

நீர்க்காகம் எழுந்து பறந்தது. இரண்டாயிரம் பேர் கண்மாயில் இறங்கினார்கள்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நானும்தான் இறங்கினேன். மடைக்கல், வெள்ளைத் துண்டு, குரல், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கரையே சரிந்து தண்ணீரில் விழுந்த மாதிரி இருந்தது. அண்டா மாமியார் என்னை முந்திக்கொண்டு போனார். கயிற்றுக்காரர்கள் நாலு பேரும் கூட்டத்தில் புரண்டு எழுந்தார்கள். கயிறு நூறு கால்களில் சுற்றிக்கொண்டு எங்கெங்கோ போனது. கையில் அணையாத தீக்குச்சியோடு கருப்புசாமி, "ஏலே! இருங்கடா! நான் இன்னும் வீசலடா!" என்று கத்தினார். அவர் குரல் எங்கே எடுபடப் போகிறது?

மடைக்கல்லில் நின்ற ஒச்சம்மாள் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். "அடி சண்டாளி!" என்று தன்னையே திட்டிக்கொண்டு அப்படியே தண்ணீரில் குதித்தார்.

பள்ளத்தில் பெரிய மீன் கிடக்கிறது என்று ஊருக்கே தெரியும். ஒரு வருடமாக அவர் வாயாலேயே விளம்பரம் செய்திருந்தார். தொடக் கூடாது என்று காட்டக் கயிறும் இல்லாததால், கூட்டத்தில் பாதி நேரே அங்கேதான் போகிறது. போய் இறங்கிவிட்டால் பத்து நிமிடத்தில் துடைத்துவிடுவார்கள். பிறகு கருப்புசாமி வலையை வீசினால் சேறுதான் வரும். ஆனால் அந்தக் கண்மாயில் எங்கே கால் புதையும், எங்கே பாறைத் தரை என்று ஒச்சம்மாளுக்கு அத்துப்படி. மற்றவர்கள் சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்க, அவர் வளைந்து வளைந்து ரோட்டில் போவது மாதிரி ஓடினார். போகிற போக்கில் காதர் பீவி கையிலிருந்த ஊத்தாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"யா அல்லா! ஏய் ஒச்சம்மா! என் ஊத்தாடி!" என்று பீவி விரட்டினார். அவர் பின்னால் நஸீரா, அவர் பின்னால் நான், எனக்குப் பின்னால் ரோஸ்மேரி, எங்கள் வேன் கூட்டம் முழுக்க. ஒச்சம்மாள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்ததால் நாங்களும் முந்திவிட்டோம்.

பள்ளத்து விளிம்பில் போய் நின்று ஒச்சம்மாள் ஊத்தாவைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கண்மாய் காவல் வீட்டு ஆள் மீன் பிடிக்கக் கூடாது. காவல்காரரே பிடித்தால் பிறகு என்ன காவல்? மற்றவர்கள் பிடித்துக் காவல் வீட்டுக்குப் பங்கு கொடுப்பார்கள், அதுதான் அவர்களுக்கு மீன். காவல்காரர் கையால் ஒரு ஊத்தா ஊன்றிவிட்டால், அன்றோடு அவருக்குக் காவல் போச்சு. ஒச்சம்மாள் அந்தக் கரையில் பிறந்தவர். ஐம்பத்து மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட ஊத்தா பிடித்ததில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் ஊத்தா ஊன்றிய இடத்தில், கை எட்டும் தூரத்துக்குள் இன்னொருவர் ஊன்றவோ வலை போடவோ கூடாது. எவ்வளவு பெரிய ரவுடியானாலும் இதை மீற மாட்டான். மீறினால் அடுத்த ஊத்தா அவன் தலைமேல்தான்.

ஒச்சம்மாள் எங்களைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு ஓங்கி ஊன்றினார்.

"டீச்சரம்மா! பீவிக்கா! பள்ளத்தைச் சுத்தி ஊன்டுங்க! ஊன்டிட்டு அப்படியே நில்லுங்க! கையை மட்டும் உள்ள விட்றாதீங்க!"

எனக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. கணக்கு டீச்சர் அல்லவா? பள்ளத்தின் சுற்றளவு, ஆளுக்கு இரண்டு கை நீளம், முப்பதோ நாற்பதோ பேர் போதும். "எல்லாரும் இடைவெளி விட்டு நில்லுங்க! வட்டமா! வட்டமா!" என்று நானும் என் பங்குக்கு அலறினேன். எங்கள் வேனிலிருந்து பதினைந்து ஊத்தா. ஒச்சம்மாள் போட்ட சத்தத்தில் செங்கரைப்பட்டிப் பெண்கள் இருபத்தைந்து பேர் பாதி வழியில் மீனை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கூட்டம் வந்து மோதுகிறபோது பள்ளத்தைச் சுற்றி நாற்பது ஊத்தா ஊன்றியாகிவிட்டது.

ஊத்தா இல்லாத பீவி மட்டும் வட்டத்துக்கு வெளியே இங்கும் அங்கும் நடந்து மேற்பார்வை பார்த்தார்.

முதலில் வந்தவர் ஒரு முறுக்கு மீசைக்காரர். தோளில் வலை. "ஏம்மா, ஊன்டுனா கையை விட்டு எடுக்கணும். எடுக்காம நின்னா எப்படி?" என்றார்.

"எடுக்குறதும் எடுக்காததும் எங்க இஷ்டம் அப்பு," என்றார் பீவி. "இப்பத்தான் யோசிச்சிக்கிட்டிருக்கோம்."

"எம்புட்டு நேரம் யோசிப்பீங்க?"

"மத்தியானம் வரைக்கும் யோசிப்போம். உனக்கு வேற எடமா இல்ல? போ அப்பு, போ."

மீசைக்காரர் வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு சந்து கிடைக்கவில்லை. ஊத்தாவுக்கு ஊத்தா கை தூரம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டார். சிரித்துவிட்டால் அப்புறம் சண்டை ஏது? வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், திட்டினார்கள், சிரித்தார்கள், வேறு பக்கம் போனார்கள்.

அந்த மூன்று மணி நேரம் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது! என் ஊத்தாவுக்குள் ஒரு விரால் மாட்டிக்கொண்டிருந்தது. குச்சி இடுக்கு வழியே என் முழங்காலில் முட்டுகிறது, விலகுகிறது, மறுபடி முட்டுகிறது. கையை விட்டால் எடுத்துவிடலாம். விடக் கூடாது. கண்மாய் முழுக்க "மாட்டிருச்சுடா!" என்று கத்துகிறார்கள். கட்லாவைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் என் எதிரே நடந்து போகிறார். எனக்குப் பொறாமையில் அழுகை வந்தது. ரோஸ்மேரி கண்ணை மூடி ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்; சோதனைக்கு உட்படுத்தாதேயும் என்ற இடத்தை மட்டும் சத்தமாகச் சொன்னாள். நஸீராவுக்குச் சிரிப்பு பீறிட்டு, அது அவளிடமிருந்து எனக்குத் தொற்றி, என்னிடமிருந்து அடுத்தவருக்குப் போய், நாற்பது பேரும் தண்ணீரில் நின்றபடி காரணமே இல்லாமல் குலுங்கினோம்.

ஒச்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. கூட்டம் கரையேறத் தொடங்கியது. அப்போதுதான், மண்டபத்துக்குத் தலையாட்டிய இந்த ஊர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போயிற்று. கரையேறுகிறவர்கள் நேரே போகவில்லை. எங்கள் பக்கமாகச் சுற்றி வந்து, வட்டத்தில் நின்றவர்களின் மடியிலும் பையிலும் ஆளுக்கு ஒன்று, இரண்டு என்று மீனைப் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் சொல்லவில்லை. மீசைக்காரர் என் பையில் இரண்டு பெரிய கெளுத்தியைப் போட்டார். "யோசிச்சு முடிச்சாச்சா?" என்று பீவியைக் கேட்டார்.

கருப்புசாமி வலையோடு வந்தார். நாங்கள் ஊத்தாவைத் தூக்கி விலகினோம். என் முழங்காலை முட்டிக்கொண்டிருந்த விராலும் விடுதலையாகிப் பள்ளத்துக்குள் போனது. குத்தகைக்காரர் மரத்தடியை விட்டு விளிம்புவரை வந்து கண்ணாடியைக் கழற்றினார். ஒச்சம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் என் வளையல் நெளிந்துவிட்டது.

வலை விரிந்து விழுந்தது. கருப்புசாமி இழுத்தார். வலை வரவில்லை. மறுபடி இழுத்தார். உள்ளே எதுவோ திமிறியது. மெல்ல மேலே வந்தபோது ஒன்றா இரண்டா, முழங்கை நீள விரால்கள், எண்ணுவதற்குள் ஒன்று எம்பி வந்து அவர் நெஞ்சில் ஓங்கி ஓர் அறை விட்டது. எழுபது வயது நாட்டாமை வேட்டியோடு தொபுக்கென்று தண்ணீரில் உட்கார்ந்தார். மீன் அத்தனையும் பள்ளத்துக்குள் திரும்பிப் போய்விட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு கையையும் தூக்கி, "கண்மாய் ஊருக்குடா!" என்று கத்தினார்.

அதற்கு மேல் என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியாது. யார் யாரையோ கட்டிப் பிடித்தார்கள். அண்டா மாமியார் அண்டாவைத் தட்டினார், மருமகன் மூடியைத் தட்டினான். கல்யாணமாகி இருபது வருடத்தில் நான் ஆடியதில்லை. அன்றைக்கு ஆடினேன்.

குத்தகைக்காரர் பீவியிடம் வந்து, கெண்டை என்ன விலை என்று கேட்டார். "விக்கிறது இல்ல தம்பி, சும்மா கொண்டுபோங்க" என்று இரண்டு மீனைப் பனையோலையில் கட்டிக் கொடுத்தார் பீவி. குத்தகைக்காரர் அதைப் பைக்கில் மாட்டிக்கொண்டு போனார்.

ஆட்டம் அடங்கியதும் கருப்புசாமி தலையைத் துவட்டிக்கொண்டு ஒச்சம்மாளிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏத்தா, ஊத்தா ஊன்டிட்டியே."

"தெரியும் மாமா. தெரிஞ்சுதான் ஊன்டுனேன்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "என்னங்கய்யா நியாயம் இது? அவங்க ஊன்டலைன்னா இன்னைக்கு உங்க கண்மாயே இல்ல!" என்று எகிறினேன்.

"நியாயந்தான் டீச்சர். நல்லதுக்கு ஊன்டுனான்னு ஒருத்தியை விட்டா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் நல்லதுக்குத்தான் ஊன்டுனேம்பான். பெறகு காவல் எங்க நிக்கும்?"

அவர் கூட்டத்தைப் பார்த்து, நாளையிலிருந்து யார் காவல் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு கை எழவில்லை. காவல் எடுத்தால் திருவிழாவில் இறங்க முடியாதே, யார் சம்மதிப்பார்கள்? கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். எல்லாரும் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒச்சம்மாள்தான் பேசினார். "வீட்டுக்கு ஒரு வாரம்னு முறை போடுங்க மாமா. முறை வந்த வாரம் அந்த வீட்டு ஆளுக இறங்கக் கூடாது, அம்புட்டுத்தான். மரக்கா நெல்லையும் பிரிச்சுக்கங்க. கீரை எப்பவும் போலக் கரையில மொளைக்கும், பறிச்சுக்கிறேன்."

"மொத வாரம் யாரு?"

"இன்னைக்கே தொடங்குனா உங்க வீடுதான். உங்களுக்குத்தான் மீனு பிடிக்கத் தெரியலையே. அதுதான உங்களைப் பிடிச்சுச்சு."

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. கருப்புசாமிக்கும் அடக்க முடியவில்லை. "சரி, இந்த வாரம் என் வீடு" என்று ஒத்துக்கொண்டார்.

"அப்ப..." என்றார் ஒச்சம்மாள். குரல் அவருடையது மாதிரியே இல்லை, அவ்வளவு சின்னதாக இருந்தது. "அப்ப நான் இறங்கலாமா மாமா?"

கருப்புசாமி தலையை மட்டும் அசைத்தார். பீவி தன் ஊத்தாவை எடுத்துவந்து ஒச்சம்மாள் கையில் கொடுத்தார்.

பள்ளத்தை விட்டுத் தள்ளி, கலங்கிய தண்ணீரில் ஒச்சம்மாள் இறங்கினார். முதல் ஊன்று காலி. இரண்டாவது, தன் கால் கட்டைவிரல் மேலேயே ஊன்றிக்கொண்டு துள்ளினார். கரையிலிருந்து ஆளாளுக்கு வாத்தியாராகிவிட்டோம். "சாச்சு ஊன்டுக்கா!" "ஓடாதக்கா, நின்னு பாரு!" மீன்களைப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்தவருக்கு ஒன்றைப் பிடிக்கத் தெரியவில்லை. ஏழாவதோ எட்டாவதோ ஊன்றில் கையை விட்டவர் அப்படியே உறைந்தார். பிறகு ஒரு அலறல். ஒரு கெண்டை, கையகலம்தான் இருக்கும். வெளியே எடுத்தவர் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "அய்யோ, சினை!" என்று தண்ணீரில் விட்டுவிட்டார். இரண்டாயிரம் பேரில் மிச்சம் இருந்த முந்நூறு பேரும் தலையில் கை வைத்தோம். அவரும் வைத்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஊன்றினார், மறுபடி, மறுபடி.

அடுத்ததை விடவில்லை. ஒரு ஜிலேபிக் கெண்டை. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சேலையெல்லாம் சேறாக, சிரிப்பும் அழுகையுமாகக் கரையேறினார். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அவர் புருஷன் ஓடி வந்து கையை நீட்டினார். நானும் நீட்டினேன். அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேரே போய்க் கருப்புசாமி முன்னால் நின்றார்.

"காவல் வீட்டுக்குப் பங்கு, மாமா" என்று மீனை நீட்டினார்.

நீட்டிய அவர் கை, அந்த ஊரில் ஐம்பத்து மூன்று வருடமாக மீனைப் பங்காக வாங்கியே வந்த கை. கருப்புசாமி ஈர வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.